ஊதுற மீட்டர் வாங்கலாமா? லாரி ஓனருக்கு ஒரு கணக்கு, கார் ஓனருக்கு வேற கணக்கு



வண்டி இன்சூரன்ஸ் க்ளெய்ம் பத்தி வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி பல ரூபத்தில் வந்துக்கிட்டே இருக்கு. "சார், குடிச்சிருக்காங்களான்னு பார்க்கிற ப்ரெத் அனலைசர் ஆன்லைன்ல ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்குது. ஒண்ணு வாங்கி வச்சுக்கலாமா?" கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் நாமக்கல், ராசிபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ரெண்டு வண்டி, மூணு வண்டி ஓட்டுற லாரி ஓனர்கள். மீதிப் பேர் சேலத்தில் கார் வச்சிருக்கிறவங்க, வாரக்கடைசியில் நண்பர்களோட உட்கார்றவங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். லாரி ஓனர் வாங்கணும், ஆனா அந்த ஆயிரம் ரூபாய் மீட்டரை இல்லை. கார் வச்சிருக்கிறவர் வாங்கவே வேண்டாம். காரணம் ஒண்ணுதான். இந்தக் கருவி "வண்டியை எடுக்காதே" என்று சொல்றதுக்கு மட்டும்தான் உதவும். "எடுக்கலாம்" என்று அது சொல்றதை நம்பினா, உங்க காசுக்கும் உயிருக்கும் அதைவிட மோசமான பொருள் இல்லை.

முதலில் பணக் கணக்கு, ஏன்னா இது நம்ம ஏரியா.

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தா குற்றம் என்று சொல்லுது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். அடுத்த முறை 15,000, சிறை 2 வருஷம் வரை. வண்டியை ஓட்டியிருக்கணும்னுகூட இல்லை, ஓட்ட முயற்சி செய்தாலே அந்தப் பிரிவுக்குள்ள வந்துடும். 188-வது பிரிவு, இதுக்கு உடந்தையா இருக்கிறவருக்கும் அதே தண்டனை என்று சொல்லுது. "டிரைவர் கொஞ்சம் போட்டிருக்கான், பரவாயில்லை, லோடு அர்ஜென்ட்" என்று சாவியைக் கொடுக்கிற ஓனர் இந்த வரியை ரெண்டு தடவை படிக்கணும்.

ஆனா 10,000 ரூபாய் அபராதத்தை வச்சுக் கணக்கு போடுறவங்க தப்பான இடத்தில் கணக்கு போடுறாங்க. பெரிய ஓட்டை இன்சூரன்ஸில் இருக்கு.

உங்க பாலிசியின் ஓன் டேமேஜ் பகுதியில், எதுக்கெல்லாம் பணம் கிடையாதுங்கிற பட்டியலை எடுத்துப் பாருங்க. நீங்களோ, உங்களுக்குத் தெரிஞ்சு உங்க சம்மதத்தோட ஓட்டுறவரோ போதையில் இருக்கும்போது ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கிடையாதுன்னு தெளிவா எழுதியிருக்கும். "அப்போ டெஸ்ட் எடுக்காம இருந்தா தப்பிச்சுக்கலாமே" என்று கேட்கத் தோணும். அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் பதில் சொல்லிடுச்சு. இஃப்கோ டோக்கியோவுக்கும் பேர்ல் பெவரேஜஸ் என்ற கம்பெனிக்கும் நடந்த வழக்கு. 2007 டிசம்பர் 22 அன்னைக்கு டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் போர்ஷே கார் மோதிக் கவிழ்ந்து எரிஞ்சுபோச்சு. ப்ரெத் டெஸ்டும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. டிரைவர் மேல் சாராய வாடை வந்ததா மருத்துவக் குறிப்பும் எஃப்.ஐ.ஆரும் சொன்னது. நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனி ஜெயிச்சது. உச்ச நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் ஜெயிச்சது. 185-வது பிரிவுப்படி டெஸ்ட் எடுத்து நிரூபிச்சாத்தான் க்ளெய்மை மறுக்க முடியும் என்பது இல்லை, மற்ற சூழ்நிலை ஆதாரங்களை வச்சும் முடிவுக்கு வரலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

அதாவது, வாடையும் விபத்து நடந்த விதமும் சேர்ந்தாலே ஒரு முழு வண்டியின் மதிப்பு போகலாம்.

மூன்றாம் நபருக்கு இழப்பீடு என்றால் கதை கொஞ்சம் வேற மாதிரி. டிரைவர் குடிச்சிருந்தாலும், அடிபட்டவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுக்கணும், பிறகு ஓனரிடம் வசூல் பண்ணிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றமும் கேரள உயர் நீதிமன்றமும் சமீப ஆண்டுகளில் சொல்லியிருக்கு. அடிபட்ட குடும்பத்துக்கு இது நியாயமான ஏற்பாடு, எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா ரெண்டு லாரி ஓனருக்கு இதன் அர்த்தம் என்ன? தீர்ப்பாயம் போடுற தொகை, வட்டியோட, ஒரு நாள் உங்க வாசலுக்கு வரும். அதுக்கு வண்டி மட்டும் இல்லை, வீடும் பதில் சொல்லணும்.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்கு. பன்னிரண்டு வீல் வண்டி, விபத்தில் 8 லட்சம் ரிப்பேர். மாசத் தவணை 70,000. பட்டறையில் 4 மாசம். க்ளெய்ம் மறுக்கப்பட்டால் 8 லட்சமும் 2.8 லட்சமும் சேர்த்து 10.8 லட்சம், அந்த நாலு மாச வருமானம் போனது தனி. இது யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லாத, லேசான உதாரணம். தொப்பூர் இறக்கத்தில் தினமும் வண்டி இறக்குறவங்களுக்கு லேசான உதாரணம் எவ்வளவு அபூர்வம்னு தெரியும்.

இதுக்கு எதிரா மீட்டரின் விலை. நல்ல கருவி 15,000 என்று வச்சுக்குவோம், நாலு வருஷம் உழைக்கும்னு வச்சுக்குவோம். வருஷா வருஷம் காலிப்ரேஷனுக்கு 3,000. வருஷத்துக்கு 6,750. மூணு வண்டிக்குப் பிரிச்சா வண்டிக்கு மாசம் 187 ரூபாய் சொச்சம். ஒரு பஞ்சர் செலவு.

"இதை வருமான வரியில் செலவாக் காட்டிக்கலாம்ல?" என்று ஆடிட்டரிடம் கேட்காத லாரி ஓனர் கிடையாது. 44ஏஇ என்று நாம் பழகிய ஊக வருமான முறையில் ரிட்டர்ன் போடுறவங்க, அதாவது 10 வண்டி வரைக்கும் டன்னுக்கு இவ்வளவுன்னு காட்டுறவங்க, இதைத் தனியாக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாத்தான் அந்த முறையில் அர்த்தம். முறையா புத்தகம் எழுதுறவங்க காட்டலாம். போலீஸ் அபராதத்தை மட்டும் எந்த முறையிலும் செலவாக் காட்ட முடியாது. சட்டத்தை மீறியதுக்குக் கட்டுற பணம் வியாபாரச் செலவு ஆகாது.

சரி, எந்த மீட்டர்?

ஆயிரம் ரூபாய்க்கு வர்றது எல்லாமே பெரும்பாலும் செமிகண்டக்டர் சென்சார். சமையல் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கிற அலாரத்தில் இருக்கிற அதே குடும்பத்துச் சரக்கு. டின் ஆக்சைடு மேல் ஏதாவது ஆவி பட்டா மின்தடை மாறும், அதை எண்ணாக் காட்டும். ஆல்கஹாலுக்கும் மாறும், சிகரெட் புகைக்கும் மாறும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர் மூச்சில் வர்ற அசிட்டோனுக்கும் மாறும். சூடு, ஈரப்பதம் மாறினாலும் ஆடும். கொஞ்ச மாசத்தில் தானாகவே விலகிப் போகும்.

போலீஸ் வச்சிருக்கிறது ஃப்யூயல் செல் சென்சார். பிளாட்டினம் தகட்டில் ஆல்கஹால் வேதிவினை ஆகி சின்ன மின்சாரம் உண்டாகும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு ஆல்கஹால். புகையும் அசிட்டோனும் இதை அவ்வளவா ஏமாத்தாது. விலை பல மடங்கு. வாங்கினா இதைத்தான் வாங்கணும்.

மலிவு மீட்டரின் ஆபத்து கூடுதலாக் காட்டுறதில் இல்லை, குறைச்சுக் காட்டுறதில்தான் இருக்கு. அமெரிக்காவில் ப்ரெத்தோமீட்டர் என்று ஒரு கம்பெனி, போனில் இணைச்சு ஊதுற கருவி. 2013-இல் 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சியில் அஞ்சு முதலீட்டாளர்களும் சேர்ந்து பணம் போட்டாங்க. அமோகமா வித்தது. 2017 ஜனவரியில் அங்கே இருக்கிற ஃபெடரல் டிரேட் கமிஷன், துல்லியத்தைப் பத்தி அவங்க சொன்னதுக்கு ஆதாரம் இல்லை, கருவி ஆல்கஹால் அளவைக் குறைச்சுக் காட்டியிருக்கு என்று நடவடிக்கை எடுத்து, வாங்கினவங்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொல்லுச்சு. யோசிச்சுப் பாருங்க. பொறுப்பா இருக்கணும்னு காசு கொடுத்து வாங்கினவங்கதான் அதை நம்பி வண்டி எடுத்திருப்பாங்க.

அடுத்தது அலகு. இதில்தான் நம்ம ஊர்ல நிறையப் பேர் ஏமாறுறாங்க. நம்ம சட்டத்தின் 30 மில்லிகிராம் என்பது சில மீட்டரில் 0.03 சதவீதம் என்று வரும். சிலதில் 0.3, அது லிட்டருக்குக் கிராம் கணக்கு. சிலது மூச்சில் இருக்கிற அளவையே காட்டும், அப்போ அதே 30 என்பது லிட்டருக்கு 0.14 மில்லிகிராம். மூச்சில் இருக்கிறதை விட ரத்தத்தில் 2,100 மடங்கு என்ற கணக்கில் மாத்துறாங்க. ஆக, ஒரே ஆள் ஒரே நேரத்தில் மூணு மீட்டரில் ஊதினா மூணு எண் வரும், மூணும் சரியா இருக்கும். அதோட வெளிநாட்டு மீட்டர்களில் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு அந்த நாட்டு வரம்புப்படி இருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு 0.08. அங்கே பச்சை எரியுற ஆள் இங்கே நம்ம வரம்பைப் போல ரெண்டரை மடங்கு போதையில் இருக்கலாம். விளக்கைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க. அலகை மாத்துற வசதி இருக்கான்னு வாங்கும்போதே கேளுங்க.

காலிப்ரேஷன் எங்கே, எத்தனை மாசத்துக்கு ஒரு முறை, எவ்வளவு ஆகும் என்று விற்பவர் சொல்ல முடியலைன்னா அந்தக் கருவியை விட்டுடுங்க. போலீஸ் பயன்படுத்துற மீட்டர்களையே வருஷத்துக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை போடணும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024-இல் வரைவு விதி வெளியிட்டது. அரசாங்க மீட்டருக்கே அப்படின்னா, நீங்க வாங்கி டேஷ்போர்டில் வெயிலில் போட்டு வைக்கிற மீட்டருக்கு?

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல பிரச்சினை ராத்திரி குடிச்சிட்டு ஓட்டுறது மட்டும் இல்லை. காலையில் ஓட்டுறது.

டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம். கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ ஆம்பளைக்கு அது தோராயமா 128 மில்லிகிராம் வரைக்கும் ஏத்தும். உடம்பு அதை மணிக்குச் சராசரியா 15 மில்லிகிராம்தான் இறக்கும். 30-க்குக் கீழே வர ஆறரை மணி நேரம், பூஜ்யத்துக்கு எட்டரை மணி நேரம். 55 கிலோ ஆளுக்குப் பூஜ்யமாக 11 மணி நேரம் பக்கம் ஆகும். ரெண்டு குவார்ட்டர் என்றால் 70 கிலோ ஆளுக்கே 17 மணி நேரம். ராத்திரி 10 மணிக்குக் கடை மூடுறதுக்குள்ள வாங்கி, பதினொன்றரைக்குள் ரெண்டு குவார்ட்டர் முடிச்ச டிரைவர், காலையில் குளிச்சு, திருநீறு பூசி, இட்லி சாப்பிட்டு, தெளிவாப் பேசிக்கிட்டு 6 மணிக்கு முட்டை லோடு ஏத்தி வண்டி எடுப்பார். அப்போ அவர் ரத்தத்தில் 150-க்கு மேல். சட்ட வரம்பைப் போல அஞ்சு மடங்கு. அவருக்கே தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மோர், எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணிக் குளியல், கடுங்காப்பி, எதுவும் இந்த 15-ஐ 16 ஆக்காது.

ஆள் ஆளுக்கு இந்த எண் மாறும், அதனால இதை வச்சு "எனக்கு எத்தனை மணிக்கு எடுக்கலாம்" என்று கணக்கு போடாதீங்க. எவ்வளவு நேரம் பிடிக்கும்ங்கிற அளவு புரியத்தான் சொன்னேன். லாரி ஓனர் வாங்கணும்னு நான் சொல்றது இந்தக் காலை நேரத்துக்காகத்தான். வாடை போயிருக்கும், நடை நேரா இருக்கும், மீட்டர் மட்டும்தான் சொல்லும்.

சொன்னா என்ன செய்யறது? என் கருத்து: பூஜ்யம் தவிர எந்த எண் வந்தாலும் வண்டி நகரக்கூடாது. 30 வரைக்கும் சட்டமே விடுதேன்னு கேட்பீங்க. உங்க மீட்டருக்குக் கூட-குறைச்சல் உண்டு, 20 காட்டுறது உண்மையில் 32-ஆ இருக்கலாம். இப்பத்தான் குடிச்சவருக்கு அளவு இன்னும் ஏறிக்கிட்டே இருக்கலாம். உங்க மீட்டரில் நீங்க எடுத்த எண், போலீஸோ மோட்டார் வாகன அதிகாரியோ சட்டப்படி எடுக்கிற டெஸ்ட்டுக்குச் சமமும் ஆகாது. விமானிக்கு நம்ம நாட்டு விதி பூஜ்யம், பறக்கிறதுக்கு முன்னாடி 12 மணி நேரம் தொடவே கூடாது. ரயில்வேயில் லோகோ பைலட் ஊதிட்டுத்தான் டூட்டியில் ஏறணும். கேஸ் டேங்கர் ஓட்டுற நம்ம நாமக்கல் டிரைவரின் பின்னாடி இருக்கிறது அதைவிட லேசான சுமையா?

அதே சமயம், பூஜ்யம் வரலைன்னா உடனே "குடிகாரன்" என்று முத்திரை குத்தவும் கூடாது. 2025 ஜூலையில் கேரளாவில் பந்தளம் கே.எஸ்.ஆர்.டி.சி. டெப்போவில் நடந்தது சிரிப்பு வர்ற கதை, ஆனா பாடம் உண்டு. டூட்டிக்கு முன்னாடி ஊதின டிரைவர்களுக்கு மீட்டர் ஆல்கஹால் காட்டுச்சு. யாரும் குடிக்கலை. தேடிப் பார்த்தா, டெப்போவுக்கு யாரோ கொண்டுவந்த பலாப்பழம். பூஜ்யம் காட்டின ஆளுக்கே பழத்தைக் கொடுத்து ஊதச் சொன்னா அவருக்கும் ஏறுது. நல்லாப் பழுத்த பழம் புளிக்க ஆரம்பிச்சா அதில் கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும், அது வாயில் தங்கும். மவுத்வாஷ், ஹோமியோபதி சொட்டு மருந்து, சில இருமல் மருந்து எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

இதைப் பிரிச்சுப் பார்க்க வழி சுலபம். வாயைத் தண்ணியில் கொப்பளிச்சு, ஒண்ணும் சாப்பிடாம, புகைக்காம 20 நிமிஷம் உட்காரச் சொல்லுங்க. மறுபடி ஊதச் சொல்லுங்க. வாயில் இருந்தது போயிருக்கும். ரத்தத்தில் இருந்தது போயிருக்காது, 20 நிமிஷத்தில் அஞ்சு மில்லிகிராம்தான் குறையும். ஒவ்வொருத்தருக்கும் தனி ஊதுகுழாய். ஊதுறதுக்கு முன்னாடி மீட்டர் வெறும் காற்றில் பூஜ்யம் காட்டணும், காட்டலைன்னா அன்னைக்கு அந்த மீட்டரே செல்லாது.

"இதெல்லாம் பேச நல்லா இருக்கு சார், ஊதச் சொன்னா டிரைவர் நாளைக்கே வேற வண்டிக்குப் போயிடுவான்." ராசிபுரம் பக்கத்து க்ளையன்ட் ஒருத்தர் என்கிட்ட நேராவே சொன்னார். டிரைவர் கிடைக்காத காலம், அவர் பயம் பொய் இல்லை. ஆனா டிரைவர் கோவிச்சுக்கிறது பெரும்பாலும் ஊதச் சொன்னதுக்காக இல்லை, சொன்ன விதத்துக்காக. தினமும் முதலில் ஓனர் ஊதட்டும், பிறகு அவர் மகன், பிறகு டிரைவர். சந்தேகப்பட்ட ஒரே ஆளை மட்டும் பிடிச்சு ஊதச் சொல்லாதீங்க. எண்ணைப் போட்டோ எடுத்து லாரி ஓனர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீங்க, ஒருத்தர் பொழைப்பு அது. முதல் முறை ஏறி வந்தா பேட்டாவைப் பிடிக்காம ஷெட்டில் தூங்கச் சொல்லுங்க. சம்பளத்தில் கை வச்சா அடுத்த தடவை அவர் ஊத வரமாட்டார், பைபாஸில் வந்து வண்டியில் ஏறிக்குவார்.

இன்னொண்ணு, இது ஓனர்களுக்குப் பிடிக்காது. காலையில் 5 மணிக்கு லோடு என்பதை ராத்திரி 11 மணிக்குப் போன் பண்ணிச் சொல்றீங்க. அவர் அன்னைக்கு லீவு என்று நினைச்சு உட்கார்ந்திருப்பார். மேலே போட்ட கணக்கைப் பாருங்க, முந்தின நாள் மத்தியானத்துக்குள்ள சொல்லியிருந்தா பாதிப் பிரச்சினை வராது. இதுக்கு ஒரு பைசா செலவில்லை. அப்படிச் சொல்லாத ஓனர் 15,000 ரூபாய்க்கு மீட்டர் வாங்கி டிரைவரைக் குறை சொல்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வண்டி நாமக்கல் ஷெட்டைத் தாண்டி குஜராத் போயிட்டா உங்க மீட்டர் இங்கேதான் இருக்கும், அதையும் ஒத்துக்கணும். கேமரா, ஜிபிஎஸ் வச்ச மீட்டர்கள் சந்தையில் இருக்கு. பத்து வண்டிக்கு மேல் வச்சிருக்கிறவங்க பார்க்கலாம். மூணு வண்டி ஓனருக்குப் புறப்படுற நேரத்துச் சோதனையே போதும்.

கார் வச்சிருக்கிற நண்பர்களுக்கு ஏன் வேண்டாம்னு சொன்னேன்? லாரி ஓனர் தூங்கி எழுந்த இன்னொருத்தரைச் சோதிக்கிறார். நீங்க குடிச்சு முடிச்ச உங்களையே சோதிப்பீங்க, பக்கத்தில் நண்பர்கள் "எவ்வளவு காட்டுது மாப்ள" என்று எட்டிப் பார்ப்பாங்க. 25 காட்டுச்சுன்னா சாவியை எடுப்பீங்க. 45 காட்டுச்சுன்னா அரை மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதுவீங்க. ரெண்டுமே வண்டியை எடுக்கிறதுக்கான வழிதான். அந்தக் காசுக்கு எத்தனை ராத்திரி ஆக்டிங் டிரைவர் வைக்கலாம்னு உங்க ஏரியா ரேட்டில் வகுத்துப் பாருங்க. விருந்துக்குப் போறதுக்கு முன்னாடியே அவருக்குப் போன் போட்டுடுங்க, குடிச்ச பிறகு எடுக்கிற முடிவு எதுவும் முடிவு இல்லை.

வாங்குற லாரி ஓனர்கள், கருவி வந்த அன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. எஃப்.சி. தேதி, பெர்மிட் தேதி, இன்சூரன்ஸ் தேதி எழுதி வச்சிருக்கிற அதே நோட்டில் நாலாவது வரியா மீட்டரின் காலிப்ரேஷன் தேதியை எழுதுங்க. அதுக்குக் கீழே தினமும் தேதி, வண்டி நம்பர், ஊதின நேரம், எண், ஊதினவர் கையெழுத்து. முதல் கையெழுத்து உங்களோடது.